தீவு எண்டாலே சந்தேகம்

டூங்கபி நிலையத்தில் ரயில் ஏறிய தம்பதி எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கிரேக்கத் தீவுகளைச் சுற்றிக்காட்டும் சின்னக் கப்பல் ஒன்றை மனைவி கைபேசியில் காட்டினார்.

"எனக்குத் தீவு எண்டாலே சந்தேகம்," என்றார் கணவர்.

"வடிவான பழைய கோயிலுகள் இருக்கப்பா."

"கோயிலை ஏன் தீவில கொண்டுபோய்க் கட்டினவங்கள்?"

"ஏன், எங்கட ஊர் நயினாதீவில கோயில் இல்லையோ?"

அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தார். "சரி, இறங்கின ஆக்கள் எல்லாரும் திரும்பி ஏறிட்டினமோ எண்டு எப்பிடிப் பாப்பினம்?"

"இறங்கேக்க ஆளுக்கொரு நம்பர் குடுப்பினமாம்."

அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீர் போட்டு வாரும். நான் இந்த நாட்டுக்குப் படகில வந்து இறங்கேக்கையும் நம்பர்தான் குடுத்தவை. பிறகு தீவில அடைச்சு வைச்சிருந்த காலம் முழுக்க, ஒருத்தனும் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடேல்லை."