மூன்றாம் பற்றிக்கின் படத்தை நான் கொண்டுபோன காரணம்

பெயர் டெனிஸ்டன் றோசமலர். வயது ஐம்பத்தொன்று. பிறந்த இடம் இலங்கை, மன்னார், பேசாலை. தற்போதைய முகவரி பலெர்மோ, போர்கோ வெக்கியோ, சந்தைக்குப் பின்தெரு, இரண்டாம் மாடி. தொழில் வீட்டு வேலை. குடும்ப நிலை விதவை. இத்தாலிய மொழி பேசத் தெரியும், ஆனால் பொலிஸ் நிலையத்தில் பேசுகிற அளவுக்குத் தெரியாது என்று சொன்னதால், மொழிபெயர்ப்பாளர் தர்சனா முன்னிலையில் தமிழில் சொல்லிப் பதியப்படுகிறது.

நான் இந்த நகரத்துக் கால்சாப் பகுதியில் சிஞ்ஞோர் அலஸ்டர் டன்கெரல் என்பவரின் வீட்டில் பல வருடமாக வேலை செய்கிறேன். அவர் ஸ்கொட்லாந்துக்காரர், எண்பது வயதைத் தாண்டியவர், மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சமைப்பது, துடைப்பது, நேரத்துக்கு மருந்து கொடுப்பது என் வேலை. அவருடைய பரம்பரைக் கதையைக் கேட்பது என் வேலை ஒப்பந்தத்தில் இல்லை, ஆனால் விடிந்தால் பொழுதுபட்டால் அதைத்தான் கேட்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

ஆயிரத்து அறுநூறுகளில் அவருடைய ஆட்கள் ஸ்கொட்லாந்தில் பெரிய நிலச்சொந்தக்காரர்கள். முதலாம் பற்றிக் டன்கெரல் மடத்து நிலத்தை வாங்கினார். அதன் பிறகு அவருடைய மகன் இரண்டாம் பற்றிக், பக்கத்து நிலக்காரரின் மகள் மார்கரெட்டைக் கட்டினார். அதன் பிறகு வேதச் சண்டை வந்து எதிராளிகள் அவர்களுடைய வீட்டை எரித்தார்கள். மார்கரெட்டுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள், மூத்தவன் மூன்றாம் பற்றிக், இளையவன் ஜேம்ஸ். என்னைக் கேட்டால், உலகத்தில் வேறு பெயரே இல்லாதமாதிரி மூன்று பேருக்கும் ஒரே பெயரை வைத்தவர்களைத்தான் முதலில் பிடித்து விசாரிக்க வேண்டும். அடுப்பில் வெங்காயம் கருகுகிற நேரம் பார்த்து, “றோசா, வீடு எரிந்தது எந்தப் பற்றிக்கின் காலத்தில்?” என்று சிஞ்ஞோர் அறைக்குள் இருந்து கூப்பிடுவார். ஒருநாள் பொறுக்கமுடியாமல், “எல்லாப் பற்றிக்கும் செத்துப்போனார்கள் சிஞ்ஞோர், சூப் ஆறுகிறது” என்று சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, “எல்லாரும் இல்லை” என்றார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அவர் சொன்னது மூன்றாம் பற்றிக்கை. அந்தப் பெடியன் பத்தொன்பது வயதில் டன்பார் என்ற இடத்தில் நடந்த சண்டைக்குப் போனான். ஆங்கிலேயப் படை வென்றது, அவனைப் பிடித்து மற்றவர்களோடு தெற்கே நடத்திக்கொண்டு போனார்கள், அதன் பிறகு தகவல் இல்லை. வழியில் செத்தானா, கூலியாகக் கப்பலேற்றிக் கடல்கடந்து அனுப்பினார்களா, எவரும் எழுதி வைக்கவில்லை. தாய் மார்கரெட் தான் கண்மூடும்வரைக்கும் நிலத்தை இளையவன் பெயருக்கு மாற்றச் சம்மதிக்கவில்லையாம். சிஞ்ஞோர் அந்த ஜேம்ஸின் வழியில் வந்தவர், ஆனால் தேடுவது பற்றிக்கை. ஊர் உலகத்தில் உள்ள அலுவலகத்துக்கெல்லாம் இமெயில் அனுப்பிக்கொண்டிருப்பார். பற்றிக்கின் சிறிய எண்ணெய்ப்படம் ஒன்று வீட்டு நடைவழியில் தொங்கும். வெள்ளைக் கொலர், பெரிய காது, சிரிக்கப்போகிற மாதிரி ஒரு வாய். ஒவ்வொரு நாளும் நான்தான் அதைத் தூசி தட்டுகிறேன்.

இனி நடந்த விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் இரண்டாம் திகதி இறந்த ஆத்துமாக்களின் திருநாள். எங்கள் தமிழ்ப் பூசையில் அன்றைக்கு அவரவர் வீட்டில் இறந்தவர்களின் படத்தைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைத்து மாலை போடுவோம். அந்தப் பெயர்களை மாதம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பார்கள். படங்களைச் சேர்க்கிற பொறுப்பு அகஸ்ரீனா என்பவருடையது. என் கணவர் டெனிஸ்டன் 2009இல் காணாமற்போனவர். வருடா வருடம் அவருடைய படத்தைக் கேட்டு அகஸ்ரீனா என் உயிரை வாங்குவார். இந்த வருடம் ஃபோனில் அழைத்து, வொய்ஸ் மெசேஜும் அனுப்பி, அது போதாதென்று சந்தையில் வைத்தும் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, இந்த முறையாவது அண்ணையின்ரை படத்தைத் தாங்கோவன். அந்த ஆத்துமா பாவமெல்லே. எத்தினை வருசத்துக்கு இப்பிடியே இருக்கப்போறியள்?”

“உனக்கு வேறை வேலை இல்லையோடி? என்ரை மனுசனை விட்டிட்டு உன்ரை அலுவலைப் பார்.”

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவளுக்கு ஒரு படம்தானே வேண்டும், கொடுத்தால் வாயை மூடுவாள் என்று நினைத்தேன். அத்தோடு அந்தப் பற்றிக் பெடியனுக்காக இத்தனை காலத்தில் ஒரு பூசை, ஒரு மெழுகுதிரி இல்லை, அவன் மேலும் எனக்கு இரக்கம் இருந்தது. திருநாளன்று சிஞ்ஞோர் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த பிறகு படத்தைக் கழற்றித் துவாயில் சுற்றிச் சந்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவர் எழும்ப முன்னம் திரும்பக் கொண்டுவந்து மாட்டுவதுதான் என் எண்ணம். திருடுகிற எண்ணம் இருக்கவில்லை.

“ஆரக்கா இந்த வெள்ளைக்காரப் பெடியன்?” என்று அகஸ்ரீனா கேட்டார். “நான் வேலை செய்யிற வீட்டுப் பெடியன், மாலையைப் போடு” என்றேன். அவர் செவ்வந்தி மாலையைப் போட்டார். சுவாமியார் பெயரை வாசித்தார். அதன் பிறகு பிரசங்கம் தொடங்கியது, அது முடிகிற பாடாக இல்லை. அதனால்தான் பிந்தினேன்.

திரும்பி வந்தபோது வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள். சிஞ்ஞோர் செருப்பில்லாமல் நின்றார். படம் களவுபோய்விட்டது என்று அவர் முறைப்பாடு செய்திருந்தார். நான் பையிலிருந்து படத்தை எடுத்தேன், அவசரத்தில் மாலையைக் கழற்றாமலே கொண்டுவந்திருந்தேன். பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். சிஞ்ஞோர் சிரிக்கவில்லை. எங்களுக்குச் செவ்வந்தி கலியாணத்துக்கும் கோயிலுக்கும் வைக்கிற பூ, இந்த நாட்டில் அது கல்லறைக்கு மட்டும் போகிற பூ. அவர் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய ஆட்கள் கத்தோலிக்கப் பூசைக்கு எதிராகச் சண்டைபிடித்தவர்கள், அதற்குத்தான் ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“அவன் செத்துவிட்டான் என்று உனக்கு யார் சொன்னது?”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “முந்நூற்றெழுபது வருடத்துக்கு மேலே ஆகிவிட்டது சிஞ்ஞோர். இன்னும் உயிரோடா இருப்பான்?” என்று கத்தினேன். “எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டு அவர் மாலையைக் கழற்றப் பார்த்தார். நூல் சட்டத்தில் சிக்கிக்கொண்டது. நான் படத்தைப் பிடித்தேன், அவர் கழற்றினார்.

அதன் பிறகு எங்கள் இருவரையும் இங்கே அழைத்து வந்தார்கள். அடுத்த மாதம் என் பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் தங்குகிற அனுமதியை, புதுப்பிக்க வேண்டும், களவு வழக்கு இருந்தால் அது நின்றுபோகும், நான் போக இடமில்லை. இதைச் சிஞ்ஞோரிடம் சொன்னேன். இறந்தவர்களோடு வாசிக்கிற பெயர்களிலிருந்து பற்றிக்கை எடுத்தால் முறைப்பாட்டைத் திரும்ப வாங்கிவிடுவதாகச் சொன்னார். விசர் பிடித்த மனுசன் என்று முதலில் மனதுக்குள் ஏசினேன். அதன் பிறகு இந்த நிலையத்து வாங்குப் பலகையில் அவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தேன். அவர் மடியில் அந்தப் படம். அவர் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார், படத்தில் உள்ள காதை. நான் அகஸ்ரீனாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

“அந்தப் பெயரை வெட்டு.”

“ஏனக்கா? பூசையும் முடிஞ்சுதே.”

“அவன் செத்தவனெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. வெட்டு.”

“உங்களுக்கு என்ன விசரோ?”

“ஓம். விசர்தான். வெட்டு.”

சிஞ்ஞோர் முறைப்பாட்டைத் திரும்ப வாங்கிவிட்டார். ஆனாலும் வாக்குமூலம் கட்டாயம் என்று சொன்னபடியால் இவ்வளவையும் சொன்னேன்.

எழுதியதைத் தர்சனா முதலிலிருந்து வாசித்துக் காட்டியபோது குடும்ப நிலை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். விதவை என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். என் பழைய பெர்மெஸ்ஸோவில் அப்படித்தான் இருக்கிறது, இப்போது மாற்றினால் புதுப்பிக்கும்போது கேள்வி வரும், இழுபடும் என்று தர்சனா சொன்னார். இழுபடட்டும் என்றேன். வந்த காலத்தில் அலுவலகத்தில் எவரோ எழுதினார்கள், சண்டைபிடிக்கச் சத்தில்லாமல் விட்டுவிட்டேன். 2009 மே மாதம் சண்டை முடிந்தபோது என் கண்ணுக்கு முன்னால்தான் ஆமிக்காரர் அவரை பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னார்கள். அவர் யன்னலால் எட்டிப் பார்த்து, “தண்ணிப்போத்தலை நீ வைச்சிரு, நான் வாறன்” என்றார். போறன் என்று அவர் சொல்லவில்லை.

ஆகவே மேலே விதவை என்பதை என் சொற்படி வெட்டி, மணமானவர் என்று எழுதி, பக்கத்தில் நான் ஒப்பமிட்டேன். வாசித்துக் காட்டக் கேட்டேன். அந்த ஒரு திருத்தத்தோடு, சொன்னதெல்லாம் நடந்தது, நடந்ததெல்லாம் சொன்னேன்.

ஒப்பம்,
திருமதி டெனிஸ்டன் றோசமலர்