டிரம்முக்கு வச்ச சந்தனப் பொட்டு

டிரம்மு மூடிய இப்ப தொறக்காதீங்க அனு மேடம். வெயில்ல வந்துகீறீங்க, மொதல்ல உக்காருங்க. டீ சொல்லட்டா? வாணாவா. சரி, பாட்டில எடுத்து வைங்க. முதலாளி இல்ல, அம்பத்தூர் போய்க்கீறாரு. அதுவும் நல்லதுதான்.

மூஞ்சி வாடிக்கீதா? காத்தால ஒன்னும் துன்னல, அதான்.

மேடம், செவுத்துக்கு அந்தாண்ட எங்க லைன் வூட்டு அடிபம்பு கீதே, அந்தத் தண்ணியும் இன்னிக்கி டெஸ்ட் பண்ணுவீங்களா? இல்ல, சும்மா கேட்டேன்.

நீங்க காலேஜ்லேர்ந்து இந்த டிரம்ம கொண்டாந்து எறக்கசொல்லோ நான் சிரிச்சேன், ஞாபகம் கீதா? முலாம் போட்டுக் கழுவுன தண்ணி, மஞ்ச மஞ்சேள்னு குரோமியம், பட்டா தோலு புண்ணாவுது. அத கண்ணுக்கே தெரியாத பூச்சி வந்து சுத்தம் பண்ணுமாம்னு சிரிச்சேன். அப்பறம் பாத்தா, மஞ்சளா உள்ள போறது தெளிஞ்சி பின்னாடி குழிக்கு வருது. அதுங்களுக்குத் தீனியா வாரத்துக்கு ரெண்டு வாட்டி வெல்லத் தண்ணி ஊத்துனேன். உள்ள போட்ட தேங்கா நாருல கொழகொழன்னு புடிச்சிக்கினு இருக்கும், நாத்தம் கொடல புடுங்கும். ஆனா எனக்கு அதுங்க மேல ஒரு பாசம் வந்துட்ச்சி மேடம்.

பெருமையும் வந்துட்ச்சி. பம்பு தண்ணி தேறிக்கினு வருதுன்னு நீங்க சொன்னீங்க. குடிக்க மட்டும் கூடாது, இன்னும் ஒரு வருசம் பாக்கணும்னும் சொன்னீங்க. நான் மொத பாதிய மட்டும் லைன்ல போயி சொன்னேன். எங்க பூச்சிங்க சுத்தம் பண்ணிட்ச்சின்னு. யாரும் நம்பல. என் பொஞ்சாதி கயலுதான் எல்லார் முன்னாடியும் ஒரு சொம்பு அடிச்சிக் குடிச்சிக் காட்டுனா.

சொல்றேன், இருங்க. ஆயுத பூஜைக்குப் பட்டறையே கழுவுனோம். தொட்டி, மோட்டாரு, பாலிஷ் மிஷினு, எல்லாத்துக்கும் குளியலு. இந்த டிரம்மு மட்டும் கொழகொழன்னு நிக்கிது. இதுவும் நம்மகூட வேல செய்றதுதான, இத மட்டும் அழுக்கா வுடறதான்னு நானேதான் எறங்குனேன். நாரெல்லாம் வெளிய எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, பிரஷ்ல தேச்சி, பளபளன்னு ஆக்கிட்டேன். சந்தனம், குங்குமம், சாமந்தி மால. பொட்டு இன்னும் கீது பாருங்க.

ஆமா மேடம். எல்லாம் செத்துப்பூட்ச்சி. நான்தான்.

மறுநா மஞ்சளா போச்சி, மஞ்சளாவே வந்துச்சி. வெல்லத்த ரெண்டு மடங்கு ஊத்துனேன். அப்பவும் மஞ்சதான். சொன்னா முதலாளி தொரத்திடுவாருன்னு பயம். போன வாரம் டெஸ்டுக்கு நான் குடுத்தனுப்புன பாட்டிலு... அதுல கேன் தண்ணி மேடம். பதினோரு நாளா அந்த மஞ்ச தண்ணி பின்னாடி குழிலதான் எறங்குது. குழிக்கும் பம்புக்கும் பத்தடிகூட இல்ல.

கயலுக்குத் தெரியாது. கேன் தண்ணி வாங்கியாந்து வச்சேன். நீதான பம்பு தண்ணி சுத்தம்ன, இது இன்னாத்துக்குன்னு பக்கத்து வூட்டு வேலம்மாவுக்குத் தூக்கிக் குடுத்துட்டா. வாயத் தொறந்து சொல்லலாம்னு டெய்லி போறேன். மூஞ்சப் பாத்ததும் வேற எதையோ பேசிட்டு வந்துடறேன். பயமா கீது மேடம். அவகிட்டயே பயமா கீது. அந்தத் தண்ணி உள்ள போனா இன்னா ஆவும்? இல்ல, சொல்லாதீங்க.

நானா? நான் குடிக்கல.

இதோ டிபன் பாக்ஸு, தொறந்து பாருங்க, அப்டியே கீது. அந்தத் தண்ணில வடிச்ச சோறு. பதினோரு நாளா நான் ஒரு வாய் வைக்கல. குப்பைல கொட்டிட்டு, கழுவி எடுத்துக்கினு போறேன். நல்லா இருந்துச்சான்னு கேப்பா. இருந்துச்சின்னுவேன். அப்பறம் அவ தட்டு போட்டுக்கினு உக்காருவா. அவளுக்கு ஏழு மாசம் மேடம், இப்பல்லாம் பசி ஜாஸ்தியா கீதுன்றா.