பயிற்சிப் பொம்மை காணாமற்போனது குறித்து வாக்குமூலம்

என் பெயரை மேலே எழுதிக்கொண்டீர்கள். வார்டில் அது யாருக்கும் தெரியாது. பெரிய சிஸ்டர் என்றால்தான் தெரியும். வயது நாற்பத்தாறு. மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள பணியாளர் குடியிருப்பில், மாடி வீட்டில் இருக்கிறேன். பிரசவ வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். ஸ்டோர் கீப்பர் தன் புகாரில் சொல்லியிருக்கும் பயிற்சிப் பொம்மையை எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் திருடியதாக அவர் சந்தேகப்படும் நர்ஸும் நானும் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவேன்.

பிறந்த குழந்தைகளைக் கவனிப்பதற்கான அந்தப் பயிற்சி பாதி செல்போனில், பாதி நேரில். போன் பாடங்களைப் பஸ்ஸிலும் அடுப்படியிலும் பார்த்தே பரீட்சையில் எல்லோரும் பாஸாகிவிட்டோம். அதன் பிறகு, மூச்சு விடாத குழந்தைக்குக் காற்று கொடுத்துப் பழக, பச்சைக் குழந்தை அளவில் இருந்த அந்தப் பொம்மையைப் பழைய சலவை அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். மாஸ்க்கைச் சரியாகப் பொருத்தி, தலையைச் சரியாக வைத்துக் காற்றுப் பையை அமுக்கினால்தான் அதன் நெஞ்சு எழும்பும். எங்களுக்கு எழும்பவில்லை. "மூச்சு விடுடா மாப்ளே, மானத்த வாங்காத" என்று சின்னவள் அதனிடம் கெஞ்சுவாள். பாடம் நடத்த வந்த டாக்டரே சிரித்துவிடுவார். அப்படி வயிறு வலிக்கச் சிரித்து எவ்வளவோ காலமாகிறது. அந்த அறையில் இப்போது உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும்.

அதன் பிறகு சின்னவளுக்கு எங்கள் வார்டிலேயே பிரசவமானது. குழந்தை அழவில்லை. நான்தான் மாஸ்க்கை வைத்தேன். காற்றுப் பையை அமுக்கினேன், நெஞ்சு எழும்பவில்லை. படுத்த இடத்திலிருந்தே அவள், "கழுத்த ரொம்பப் பின்னால சாய்ச்சிட்டீங்கக்கா, கொஞ்சம் நேராக்குங்க" என்றாள். நேராக்கினேன், எழும்பியது. கொஞ்ச நேரத்தில் பையன் வார்டே அதிர அழுதான்.

அதன் பிறகு சில வருடங்களில் பொம்மையின் நெஞ்சு கிழிந்துபோனது. குப்பையில் போடச் சொன்னதே இந்த ஸ்டோர் கீப்பர்தான். சின்னவள் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். "கொண்டு போம்மா, சனியன் ஒழியட்டும்" என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். இப்போது மேலிடத்தில் பொம்மை எங்கே என்று கேட்டதும் திருட்டு என்கிறார். இதற்காக அவள் வேலை போனால் அது அநியாயம்.

பொம்மை அவள் வீட்டில்தான் இருக்கிறது. கைப்பற்றியே ஆக வேண்டுமென்றால், பையன் பள்ளிக்கூடம் போன பிறகு போங்கள். அவன் அதை அண்ணன் என்று கூப்பிடுகிறான்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்)