கடைசி வீட்டுப் பூனை

— பொய் சொல்லிட்டீங்க ஐயா. போன மாசம் இதே வாசல்ல நின்னு கேட்டேன். பூனை பேரு பார்னபின்னு சொன்னீங்க. நானும் நம்பி கார்டுல எழுதிட்டுப் போனேன்.

— அட, நீயா தாயி! மழையில தொப்பலா நனைஞ்சு வந்த மஞ்சச் சட்டைக்காரிதான? வா, உள்ள வா. சைக்கிளை ரோஜாச் செடி மேல சாய்க்காத. முள்ளு குத்திச்சுன்னா காத்து இறங்கிரும்.

— உக்காந்து பேச வரலை. ஒரு விஷயம் தெரிஞ்சாகணும், கேட்டுட்டு உடனே கிளம்பணும்.

— கிளம்பலாம், கிளம்பலாம். இன்னிக்கும் தனியாத்தான் வந்தியா?

— தனியாத்தான். கேளுங்க, சைக்கிள் கிளப்புல என் கார்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க லிட்டில் வெல்டன் கிராமத்துக் கேள்விக்கு பதில் தப்பு, அதனால முழு வழியும் ஓட்டினதா ஏத்துக்க முடியாதுன்னு எழுதியிருக்காங்க.

— சரியான பேரு என்னவாம்?

— டிங்கராம்.

— ம்…

— ஏன், தெரிஞ்ச பேரா?

— கெட்டில் கொதிக்குது. டீயில பால் உண்டா உனக்கு?

— ஐயா, இது உங்களுக்கு விளையாட்டா இருக்கலாம். இப்ஸ்விச் டவுன்ல விடியக்காலையில கிளம்பி, கடற்கரை வரைக்கும் போயிட்டு, சந்து சந்தா சுத்தி திரும்ப இப்ஸ்விச். இருநூறு கிலோமீட்டர். வழியில அங்கங்க ஒரு கேள்வி இருக்கும். சர்ச் கடிகாரம் எந்தப் பக்கம் பார்க்குது, பாலத்துல என்ன வருஷம் செதுக்கியிருக்கு, இப்படி. பதிலை எழுதினாத்தான் அங்க போனதுக்குச் சாட்சி.

— எனக்கே சொல்றியா? சர்ச்சைத் தாண்டி கடைசி வீடு, கேட்டுல உள்ள பூனை பேரு என்ன? அந்தக் கேள்வியே எம் பொஞ்சாதியால வந்தது தாயி.

— உங்க வீட்டம்மாவும் சைக்கிள் ஓட்டுவாங்களா?

— எட்னாவா! சைக்கிளைக் கண்டாலே திட்டுவா. எங்க பூனை நட்ட நடு ரோட்டுல வெயில் காயும். சைக்கிள்காரங்க சர்ருனு வந்து சக்கரத்தை ஏத்திருவாங்களோன்னு பயம் அவளுக்கு. ஒரு பலகையில பச்சை பெயின்ட் அடிச்சு எழுதி கேட்டுல மாட்டினா. 'மெதுவாப் போங்க, டிங்கர் ரோட்டுல படுப்பான்.' உங்க கிளப்புக்காரர் அதைப் படிச்சு விழுந்து விழுந்து சிரிச்சாரு. கேள்வியிலயே போட்டுட்டாரு.

— அப்ப டிங்கர்னு ஒண்ணு நிஜமாவே இருந்துச்சு!

— இருந்துச்சு. கேக் வெட்டட்டுமா? கடையில வாங்கினதுதான். கொஞ்சம் காஞ்சிருக்கும்.

— எனக்கு வேண்டாம்… சரி, சின்னதா ஒரு துண்டு. ஐயா, இதுக்கு ஏன் இவ்வளவு தூரம் திரும்ப வந்திருக்கேன்னு நினைக்கிறீங்க? நைஜல்னு ஒருத்தன் எங்க கிளப்புல. ஞாயித்துக்கிழமை டீக்கடையில எல்லாரும் உக்காந்திருக்கோம். 'லோர்னா பாதி தூரம் சைக்கிள்ல, மீதி தூரம் ரயில்ல'ன்னு என்னைக் காட்டிச் சொல்றான். மொத்த மேசையும் சிரிச்சுச்சு.

— நீ என்ன சொன்ன?

— நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய? வீட்டுக்குப் போற வழியிலதான் அழுகை வந்துச்சு.

— இந்த வழியில ஏத்தமே கிடையாதே. ரயிலேறி ஏமாத்துற அளவுக்கு என்ன கஷ்டம்?

— ஏத்தம் இல்லைதான். ரெண்டு பக்கமும் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பார்லி, ஒரு சர்ச், திரும்ப வேலி. கால் வலிக்கலை ஐயா. அன்னிக்கு மத்தியானம் முழுக்க ஒரு மனுஷ முகத்தைப் பார்க்கலை. எவனோ டிராக்டர்ல போனவன் கையை ஆட்டினான். அதுக்கே சைக்கிளை நிறுத்தி, அவன் மறையுற வரைக்கும் நானும் கையை ஆட்டிக்கிட்டே நின்னேன். பைத்தியம் மாதிரி.

— பைத்தியம்லாம் இல்ல.

— ராத்திரி வீட்டுக்குள்ள போய் விளக்கைப் போட்டேன். 'ஓட்டி முடிச்சுட்டேன்'னு சத்தமாச் சொன்னேன். யார் கிட்ட? சுவத்துக்கிட்ட. நான் போனேன், வந்தேன்னு சொல்ல இந்த உலகத்துல அந்தக் கார்டு ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் பொய்னு சொல்லிட்டாங்க.

— ம்… அந்த நைஜல் கார்டு என்னாச்சு?

— அவனோடதை அப்பவே ஏத்துக்கிட்டாங்க. எல்லாரோடதையும்தான். எல்லாரும் டிங்கர்னு எழுதியிருக்காங்க.

— நைஜல் இந்தப் பக்கம் எப்ப வந்தானாம்?

— இந்த வசந்தத்துல.

— டிங்கர் செத்து ரெண்டு குளிர்காலம் ஆச்சு தாயி. எட்னா கண்ணை மூடின அடுத்த மாசமே அதுவும் போயிருச்சு. பலகையை அன்னிக்கே கழட்டிட்டேன். படுக்குறதுக்கு ஆள் இல்லாதப்ப பலகை என்னத்துக்கு?

— இருங்க, இருங்க. பலகை இல்லைன்னா அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?

— அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.

— ஓ… புரிஞ்சிருச்சு. எவனோ பழைய பதிலையெல்லாம் இன்டர்நெட்ல போட்டிருக்கான். வீட்டுல இருந்தே எழுதிட்டு வந்திருக்கானுங்க! இங்க காலைக்கூட ஊனலை. கேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

— நிறைய பேரா?

— கிளப்போட இன்டர்நெட் பக்கத்துல, ஓட்டி முடிச்சவங்கன்னு பெரிய பட்டியலே இருக்கு.

— நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இந்த வழியே வழக்கொழிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தா சில நாள் அந்த டிக்டிக்டிக் சத்தம் கேக்கும், மிதிக்காம விட்டா சக்கரம் சத்தம் போடுமே. எந்திரிச்சுப் பார்க்குறதுக்குள்ள வேலிக்கு மேல தலை மட்டும் மிதந்து போகும். அவங்க வேற எங்கேயோ போறவங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

— கதவைத் தட்டினது நான் மட்டும்தானா?

— நீ மட்டும்தான்.

— அப்ப முழுசா ஒழுங்கா ஓட்டினவ கார்டைத்தான் தூக்கி எறிஞ்சிருக்காங்க! சும்மா விடமாட்டேன். ஐயா, பார்னபியைக் கூப்பிடுங்க. உங்களையும் அவனையும் வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். ட்ரெவர் மூஞ்சி முன்னாடி நீட்டுறேன்.

— எந்த ட்ரெவர்?

— கார்டு சரிபார்க்குறவர். பூனை எங்க?

— தூங்குது.

— எழுப்புங்க. ஒரு நிமிஷம்தான்.

— மாடியில இருக்கு. இல்ல… வெளிய போயிருக்கும். இன்னொரு கப் டீ ஊத்துறேன், அதுக்குள்ள வந்திரும்.

— மாடியிலயா, வெளியவா?

— மழை வர்ற மாதிரி இருக்கு. பெஞ்சு நின்னதும் போகலாமே நீ.

— ஐயா, நானும் பூனை வளர்த்தவதான். அடுக்களையில பால் கிண்ணம் இல்ல. இந்த நாற்காலி மெத்தையில ஒத்தை முடி இல்ல. நேரா சொல்லுங்க, பூனை இருக்கா இல்லையா?

— இல்ல தாயி.

— இல்லையா?

— டிங்கருக்கு அப்புறம் எதையும் வளர்க்கலை.

— அடப் பாவி மனுஷா! அன்னிக்கே 'செத்துப் போச்சு'ன்னு சொல்லியிருந்தா அதையே எழுதியிருப்பேனே. ட்ரெவரும் போன் பண்ணி விசாரிச்சிருப்பார். எல்லாம் சரியாகியிருக்கும்!

— சொல்லியிருந்தா 'அச்சச்சோ'ன்னுட்டு உடனே சைக்கிள் ஏறியிருப்ப. கதவு மூடியிருக்கும்.

— அதுக்காக வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லிருவீங்களா? அந்தப் பேரால என்னைப் பார்த்து எத்தனை பேர் சிரிச்சாங்க தெரியுமா!

— தப்புத்தான். அந்த போனை எடு. ட்ரெவர்கிட்ட நானே பேசுறேன். டிங்கர் செத்துட்டான், இந்தப் பொண்ணு வந்தா, மழையில நின்னா, இங்க உக்காந்து டீ குடிச்சா, உங்க பட்டியல்ல வேற யாரும் இந்தக் கதவைத் தொடலைன்னு சொல்றேன். எந்தக் கோர்ட்டுல கேட்டாலும் சொல்றேன்.

— நிஜமா சொல்வீங்களா?

— நம்பரைப் போடு.

— போடுறேன்… ஆனா அவர் துருவித் துருவிக் கேக்குற ஆளு. 'பூனையே இல்லாத வீட்டுல பார்னபின்னு பேரு எங்கிருந்து வந்துச்சு'ன்னு முதல்ல அதைத்தான் கேப்பார். என்ன சொல்வீங்க?

— டீ ஆறுது, முதல்ல அதைக் குடி.

— ஐயா, அங்க போன் மணி அடிக்குது. என்ன சொல்வீங்க?

— அன்னிக்கு நீ பூனை பேரைத்தான் கேக்குறன்னு நல்லாத் தெரியும் எனக்கு. தெரிஞ்சேதான் சொன்னேன். நீ பென்சிலும் கையுமா நின்ன. எங்கேயாவது ஒரு கார்டுல எழுதிக் கிடக்கட்டுமேன்னு தோணுச்சு. பார்னபி என் பேரு, தாயி.