கிடைச்சிடுச்சுக்கா

எனக்குக் கையெழுத்து சரியாக வராது. அதனால்தானோ என்னவோ, டிஸ்க்கில் எழுதுவதில் அப்படி ஒரு ஆசை.

அத்தான் இறந்த அடுத்த மாதம் அக்கா அவருடைய டிஸ்க்கைக் கொண்டுவந்தாள். மகளுக்குப் பாடம் வாசித்து அவர் பதிந்துவைத்த நூற்றுப் பன்னிரண்டு ஒலிப்பதிவுகள், நடுநடுவே தும்மலோடு. "இதை விட்டா வேற இல்லடா. ஒரு நகல் எடுத்துக் கொடு" என்றாள்.

டிஸ்க், அவர் கணினியின் முறைப்படி அமைந்தது. என் கணினி வேறு இனம். அதன் அடித்தள மென்பொருளான கெர்னல், அந்த அந்நிய டிஸ்க்கைப் பிசகில்லாமல் படிக்கும். எழுதவும் செய்யும், ஆனால் எழுதும் வசதிக்குப் பக்கத்தில் 'சோதனை நிலை' என்று போட்டிருக்கும். சோதனை யாருக்கு என்று போட்டிருக்காது.

நகலெடுக்கப் படித்தாலே போதும். ஆனால் எழுதும்போது கோப்புப் பட்டியலையே அழிக்கும் ஒரு பிழையை நான் மூன்று வாரமாகத் துரத்திக்கொண்டிருந்தேன். ஒருமுறை தலைகாட்டிவிட்டு ஓடிய பிழை. நான் புகார் எழுதியதற்கு, கெர்னலின் அந்தப் பகுதியைப் பராமரிப்பவர், "உண்மையான டிஸ்க்ல நடந்தா சொல்லுங்க" என்று மின்னஞ்சல் குழுவில் நானூறு பேர் பார்க்க எழுதிவிட்டார். மானம் கப்பலேறியது. அந்த நானூறு பேரில் என்னைப் படிப்பவர் அவர் ஒருவர்தான் என்பது வேறு விஷயம்.

முதலில் நகல் எடுத்திருக்கலாம். நான்கு மணி நேரமாகும். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. அத்தானின் டிஸ்க்கிலேயே ஒரு கோப்பை எழுதினேன், பட்டியல் காலி. அப்போதும் பதிவுகளை மீட்டிருக்கலாம். தற்செயலாக இருந்துவிடக் கூடாதே என்று இன்னும் ஆறு முறை, பெரிய பெரிய கோப்புகளாக, அவற்றின் மேலேயே எழுதினேன். ஆறு முறையும் பிழை வந்தது. கைதட்டிவிட்டேன்.

அடுத்த அறையிலிருந்து அக்காவின் குரல். "என்னடா, கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சுக்கா."

அது பொய்யில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் ஓடிவந்த பிறகு சொன்னதுதான் பொய். "கடைசி நேரத்துல டிஸ்க் செத்துடுச்சுக்கா."

வெகுநேரம் அழுதாள். பிறகு, "பழசைக் கொடுத்து உன்னைப் படுத்திட்டேன்டா" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். நெஞ்சு வலித்தது. பிழை அறிக்கையை அனுப்பியதும் கொஞ்சம் குறைந்தது.

நேற்று அவள் வீட்டு அலமாரிக்குப் பின்னால் அத்தானின் இன்னொரு டிஸ்க் அகப்பட்டது. அதே பதிவுகள் இருக்கலாம். "வேற யாரையும் நம்ப முடியலடா" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பிழையைத் திருத்திவிட்டார்கள்; நன்றிப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. திருத்தத்தை உண்மையான டிஸ்க்கில் யாராவது சோதிக்க வேண்டுமாம். கெர்னல் திருந்திவிட்டது, நானும்தான். இந்த முறை நிச்சயம் நகல் எடுத்துவிடுவேன். அதற்கு முன்னால், ஒரே ஒரு சின்னக் கோப்பு மட்டும் எழுதிப் பார்க்கிறேன்.