அம்மா கேட்ட ‘எப்போ?’

மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நம் சூப்பர்வைசர் அம்மாவின் கணவர் அவர்களே, அவருடைய அன்பு மகளே, துவைப்பிலும் இஸ்திரியிலும் மடிப்பிலும் என்னோடு வியர்வை சிந்தும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அவரவர் மொழியிலேயே பேசுங்கள் என்று அம்மாவின் மகள் கேட்டுக்கொண்டார். அதனால் தமிழில் பேசுகிறேன். நான் பேசுவதை அந்தக் குடும்பத்துக்கு மொழிமாற்றிச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என் மச்சான். நம் லாண்டரியில் துவைக்கும் மெஷின் ஓட்டுகிறவர். நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்லிவைப்பாரோ என்ற பயம் எனக்கு உண்டு. மச்சான், உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

அந்த மகள் இங்கே அழுவதற்கு மட்டும் வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாகத் தன்னிடம் சொன்னது அவருக்குப் புரியவில்லை. அது அவர்கள் வீட்டு மொழியே இல்லை. பெற்ற தாய் கடைசியாகச் சொன்னது என்னவென்று தெரியாமல் எப்படி மனம் ஆறும்? காதில் விழுந்த சத்தத்தைத் தவறவிடாமல் பிடித்துக்கொண்டு, முந்தாநாள் நம் லாண்டரிக்கே வந்துவிட்டார். “போத்து வாரே” என்று ஒவ்வொரு பகுதியாகப் போய்ச் சொல்லிக் காட்டினார். மடிப்புப் பகுதியில் ஒருவர், எங்கள் மொழியில் அது ஒரு மீனின் பெயர் மாதிரி இருக்கிறதே என்றார். இஸ்திரிப் பகுதியில் இன்னொருவர், ஜன்னலைச் சாத்து என்று அர்த்தம் என்றார். என் மச்சானோ அதைக் கேட்டதும் அழுக்குத் துணி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் நீங்களே சொல்லிடுங்க மாமா என்று என் தலையில் கட்டிவிட்டார்.

சொல்கிறேன் மகளே. அந்தச் சொல் உங்கள் அம்மாவின் வாய்க்கு வந்த கதையை முதலில் கேளுங்கள்.

மச்சான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசரான அம்மாவிடம் போய், நம் ஆட்கள் சொல்லும் ‘போயிட்டு வரேன்’ என்பதை, இங்கே எல்லோரும் பேசும் பொது மொழியில் வார்த்தைக்கு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கிறார். அம்மா என்ன நினைப்பார்? எங்கேயோ போகிறார், இதோ வந்துவிடுவார் என்றுதானே! அடுத்த ஷிப்ட்காரர் வந்தபோதும், அவரே வந்து மெஷினை ஒப்படைக்கட்டும், இருங்கள் என்று நிறுத்திவைத்தார். இவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்! ஈர விரிப்புகள் மெஷினுக்குள்ளேயே கிடந்தன. நாம் துணி துவைத்துக் கொடுக்கும் ஆஸ்பத்திரி வார்டுகளிலிருந்து போனுக்கு மேல் போன்.

மறுநாள் அப்போதைய மேலாளர், மேடையில் இருக்கும் இவரல்ல, இவருக்கு முன்னால் இருந்தவர், வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். பொய் சொல்லிவிட்டு ஓடிப்போனவனுக்கு இங்கே வேலை கிடையாது என்றார். சிபாரிசு செய்தவன் நான். தன் தம்பிக்கு வேலை போயிருந்தால் என் வீட்டுக்காரி என்னைச் சும்மா விட்டிருப்பாளா?

அம்மா மட்டும், முதலில் அவரையே கேட்போமே என்றார். மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“எங்கே போனீங்க?”

“வீட்டுக்குத்தான்.”

“வரேன்னு சொன்னீங்களே?”

“வந்துட்டேனே!”

அம்மா சிரித்த சிரிப்பு மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. மேலாளர் பக்கம் திரும்பி, “வரேன்னார், வந்துட்டார். எப்போன்னு நான்தான் கேக்கல” என்றார். மச்சானுக்கு வேலை தப்பியது, எனக்கு வீடு தப்பியது.

அதோடு விட்டாரா அம்மா? நீங்கள் ஏன் ‘போறேன்’ என்று சொல்வதில்லை என்று எங்களைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்குத் தெரிந்தால்தானே! வாய் பேச ஆரம்பித்ததிலிருந்து சொல்கிறோம், ஒருநாளும் யோசித்ததில்லை. ஒருவர் அபசகுனம் என்றார். ஒருவர் மரியாதை என்றார். நான் வாய்க்கு வந்ததை அளந்தேன். மச்சான்தான் யோசித்துச் சொன்னார்: “போறேன்னா, திரும்ப வரமாட்டேன்னு ஆயிடும். இருக்கிறவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்.” அம்மா ‘போயிட்டு வரேன்’ என்று தமிழிலேயே சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்களில் யார் கிளம்பினாலும், தமிழிலேயே “எப்போ?” என்பார். “நாளைக்கு” என்று சொன்னால்தான் விடுவார்.

அம்மாவின் எல்லாக் கேள்விகளும் இனித்தன என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. உங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஏன் எல்லோரும் அழுகிறீர்கள் என்று சாப்பாட்டு வேளையில் நாலு பேர் முன்னால் கேட்டபோது, மடிப்புப் பகுதி அக்கா முகத்துக்கு நேரே திருப்பிக் கேட்டுவிட்டார்: “நான் என்ன பொருட்காட்சியா?” அம்மா தலை குனிந்து எழுந்து போனார். மறுநாள் அந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு தன் கல்யாணத்தில் தன் அப்பாவும் மாமனாரும் யார் முதலில் பாடுவது என்று மல்லுக்கட்டிய கதையைச் சொன்னார். அக்கா சிரித்துவிட்டுத் தன் கதையைத் தானே ஆரம்பித்தார். அன்றிலிருந்து அதுதான் அம்மாவின் வழக்கம். தன் வீட்டுக் கதையை முன்னால் வைத்துவிட்டுத்தான் அடுத்தவர் வீட்டுக் கதையைக் கேட்பார். ஒருவர் பேசாமல் நின்றால் சம்மதமா, மறுப்பா? கண்ணைப் பார்க்காமல் பேசினால் பயமா, மரியாதையா? அவராக ஒரு முடிவுக்கு வரமாட்டார், கேட்பார். இத்தனை மொழிக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் முட்டிக்கொள்ளாமல் வேலை செய்கிறோமே, வேறு எதனால்?

தோழர்களே, இனி அந்த வேலை நம்முடையது. ஒருவர் பேச்சு விளங்காவிட்டால் முகம் சுளிப்பதற்கு முன் கேட்போம். கேட்பதற்கு முன் நம்மைப் பற்றிச் சொல்வோம். மேலாளர் அவர்களே, புதிதாக வருகிறவருக்கு மெஷினைக் காட்டுவதற்கு முன் எங்களைக் காட்டக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அம்மாவின் படத்துக்கு முன் நின்று சொல்கிறேன், இதை நாங்கள் விடமாட்டோம்.

மகளே, அது மீனும் இல்லை, ஜன்னலும் இல்லை. உங்கள் அம்மா உங்களிடம் சொன்னது ‘போயிட்டு வரேன்’. இருக்கிறவர்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்று நாங்கள் சொல்லும் சொல். உங்களிடம் ‘போறேன்’ என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதற்காக எங்கள் சொல்லை எடுத்துக்கொண்டார்.

மச்சான், ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லுங்க. அவங்க காத்திருக்காங்க.

அம்மா, நாங்க ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் நீங்க கேட்டீங்க. இன்னைக்கு நாங்க கேக்குறோம்.

எப்போ?