அத்தானை வைத்த இடம்

கரண்டியோடு கத்தி கலந்து கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. எதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். "இவனுக்குக் கல்யாணம் ஆனா பொண்டாட்டியையும் அலமாரியில அடுக்கிடுவான்" என்று அக்கா சிரிப்பாள். அத்தானும் சேர்ந்து சிரிப்பார்.

ஆலையில் என் வேலையும் அதுதான், ஐயா. பாய்லர்கள் செய்கிறோம். எது எந்த வகை, எந்த வேலைக்கு எது வேண்டும், எதோடு எது சேரக்கூடாது என்று கணினிக்குச் சொல்லிவைக்கும் வகைமரம் என் பொறுப்பு. ஆண்டாலஜி என்பார்கள். அதைப் பார்த்துத்தான் மென்பொருள் இயந்திரத்தையும் ஆளையும் ஒதுக்கும். கதவுகளைக்கூட அதுவே திறக்கும்.

அத்தான் வெல்டிங் செய்த இடங்களைக் கதிர்வீச்சில் படமெடுத்துச் சோதிப்பவர். கதிர் உமிழும் பொருளை சோர்ஸ் என்போம். அது ஈயப்பெட்டிக்குள் திரும்பிய பிறகுதான் அவர் சோதனை அறைக்குள் போய் ஃபிலிம் மாற்றலாம். மரத்தில் அவர் ‘மனிதர்’ கிளையில் இருந்தார் அல்லவா? அந்தக் கிளைக்குக் காத்திருப்பு உண்டு, ஓய்வு உண்டு, உடம்பில் பட்ட கதிரை அளக்க மார்பில் குத்தும் அட்டை உண்டு. இதனால் பாய்லர்கள் தேங்கின. மேலாளர் எல்லார் முன்னாலும் என்னைக் காய்ச்சி எடுத்தார். வேறு சோதகரும் கிடைக்கவில்லை.

ஆகவே அத்தானை எடுத்து ‘சோதனைக் கருவி’ கிளையில் வைத்தேன். யோசித்துப் பார்த்தால் பெரிய தப்பில்லை. அவர் சோதிக்கிறவர்தானே. தேக்கம் மளமளவென்று குறைந்தது. மேலாளர் கை கொடுத்தார். அத்தான் அறைக்குள் நிற்கும்போதும் சோர்ஸ் பெட்டிக்கு வெளியிலேயே இருந்தது. ஒரு கருவிக்காக அதைப் பெட்டிக்குள் இழுக்க வேண்டியதில்லை. கதவின்மேல் பச்சை விளக்கு எரிந்தது. நான் செய்த ஏற்பாடு என்பதால் அத்தான் அதை நம்பினார்.

"என்ன மச்சான், இந்த மாசம் எனக்கு அட்டையே வரலை?" என்று கேட்டார்.

"வரும் அத்தான்" என்றேன். கருவிக்கு அட்டை வராது என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது பார்த்தேன், அவர் விரல்களில் தோல் உரிந்திருந்தது. "எதையோ சுடச்சுடத் தொட்டிருக்கார், சொன்னா கேக்குறாரா" என்று அக்கா மருந்து தடவினாள். அது சூடு பட்ட காயமில்லை என்று எனக்குத் தெரியும். மறுநாள் மரத்தைத் திறந்து அவர் பெயருக்குக் கீழே ‘தேய்மானம் உண்டு’ என்று சேர்த்தேன். மாற்றுக் கருவி பார்க்கும்படி மென்பொருள் சொன்னது. பார்க்கத் தொடங்கினேன். அத்தான் அப்போது நடமாடிக்கொண்டுதான் இருந்தார். அன்றே அவரை நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தினால் பாய்லர்கள் பாதியில் நின்றிருக்கும்.

அத்தான் போய்விட்டார். கருவிக்குச் சாவு கிடையாது. மென்பொருள் இன்றும் காலைதோறும் அவருக்கு வேலை ஒதுக்குகிறது. ஆளில்லாத அறையின் கதவின்மேல் பச்சை எரிகிறது. அந்தப் பக்கம் போகவே எனக்குப் பயம். "அட்டை வந்துச்சா மச்சான்?" என்று காதோரம் கேட்கிறது. கோபமில்லாத குரல். அதுதான் தாங்கவில்லை.

பொறுக்க முடியாமல் நேற்று அவரை மறுபடி ‘மனிதர்’ கிளைக்கு மாற்றினேன். திரை முழுக்கச் சிவப்பு. அவர் செய்து முடித்த ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, மனிதரை இங்கே அனுப்பக்கூடாது, மனிதரை இங்கே அனுப்பக்கூடாது என்று வந்துகொண்டே இருந்தது. அழுதேன், ஐயா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தானைத் திரும்பவும் கருவிகளோடு வைத்தேன். இப்போது திட்டத்தில் ஒரு பிழைகூட இல்லை.